ராக்கீஸ் பிட்ச்சிங் ஏன் இப்படி அடி வாங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்வரில் குடியிருந்துகொண்டு, தலையில் கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணியின் தொப்பியும் மாட்டிக்கொண்டு திரிந்தால், பார்க்கிறவர்கள் எல்லோரும் துக்கம் விசாரிக்கிற மாதிரிதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். பொங்கல் விழா, பிறந்தநாள் விருந்து, அலுவலகச் சாப்பாட்டு மேசை, எங்கே போனாலும் அதே சந்தேகங்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எண்கள் 2025 சீசன் முடிவு வரைக்குமானவை.

பிட்ச்சர்னா நம்ம பவுலர்தானே? ஒருத்தர் சரியா போடலன்னா அடுத்த ஓவரை இன்னொருத்தர்கிட்ட கொடுக்க வேண்டியதுதானே?

பவுலர் மாதிரிதான், ஆனால் ஓவர் என்று ஒன்று கிடையாது. மூன்று பேரை அவுட் ஆக்கும்வரை இன்னிங்ஸ் முடியாது, அதற்குள் எதிரணி பத்து ரன் எடுத்தாலும் சரி. அதோடு, ஒரு பிட்ச்சரை வெளியே எடுத்துவிட்டால் அன்றைக்கு அவர் திரும்ப வரவே முடியாது. அதனால் 'கொஞ்ச நேரம் மாற்றிப் பார்ப்போம்' என்கிற வித்தையெல்லாம் இங்கே செல்லாது.

ஒரு அணியில் 26 பேர், அதில் அதிகபட்சம் 13 பேர்தான் பிட்ச்சர்களாக இருக்கலாம். ஐந்து பேர் முறை வைத்து ஆட்டத்தைத் தொடங்குவார்கள், இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். மிச்சமுள்ளவர்கள் மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்கிற இடத்தில் உட்கார்ந்திருந்து, தொடங்கியவர் களைத்தாலோ அடி வாங்கினாலோ வருவார்கள். சீசனுக்கு 162 ஆட்டம், கிட்டத்தட்ட தினமும் ஒன்று. இந்தக் கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வரும் பாதிப் பிரச்சினைக்கு வேர் இதுதான்.

எதுக்கெடுத்தாலும் ஈஆர்ஏ ஈஆர்ஏன்னு புலம்புறீங்களே, அது என்னது?

ஒரு பிட்ச்சர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதுதான் ஈஆர்ஏ. ஃபீல்டர் கோட்டைவிட்டதால் வந்த ரன்னை இதில் சேர்க்க மாட்டார்கள். கொடுத்த ரன்னை 9-ஆல் பெருக்கி, போட்ட இன்னிங்ஸால் வகுத்தால் கிடைக்கும். 3-க்குக் கீழே இருந்தால் பிரமாதம், 4-ஐ ஒட்டி இருந்தால் சராசரி ஆள், 5-ஐத் தாண்டினால் வேலைக்கு ஆபத்து. ராக்கீஸில் மட்டும் 5-ஐத் தாண்டியவருக்கு அடுத்த வாரமும் முறை வரும், ஏனென்றால் அவரைவிட நல்லவர் உள்ளே இல்லை.

உண்மையிலேயே அவ்வளவு மோசமா, இல்ல ரசிகர்ங்கிற வேகத்துல நீங்க கூட்டிச் சொல்றீங்களா?

கூட்டிச் சொல்ல இங்கே இடமே விட்டுவைக்கவில்லை. 2025-ல் 43 வெற்றி, 119 தோல்வி. எடுத்த ரன் 597, கொடுத்த ரன் 1,021. வித்தியாசம் 424, 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரு சீசனில் இவ்வளவு பின்தங்கியதில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்ச்சர்களின் ஈஆர்ஏ மட்டும் 6.65. 1913-ல் ஈஆர்ஏவை அதிகாரபூர்வமாகக் கணக்கெடுக்கத் தொடங்கிய பிறகு இதுதான் மிக மோசம்.

2023-ல் 103 தோல்வி, 2024-ல் 101, 2025-ல் 119. ஏதோ ஒரு வருடம் கிரகம் சரியில்லை என்றால் மனதைத் தேற்றிக்கொள்ளலாம், மூன்று வருடமும் தோல்வி நூறைத் தாண்டினால் என்ன சொல்வது? பேட்டிங்கும் படுமோசம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ரசிகனைச் சாகடிப்பது பிட்ச்சிங். பேட்டிங் சரியில்லை என்றால் ஆட்டம் சப்பென்று சீக்கிரம் முடிந்துவிடும். பிட்ச்சிங் சரியில்லை என்றால் மூன்று மணி நேரம் உட்கார வைத்து அடிப்பார்கள்.

டென்வர் உயரத்துல இருக்கு, அதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. உயரத்துக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?

ராக்கீஸின் சொந்த மைதானம் கூர்ஸ் ஃபீல்ட், கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, அதாவது சுமார் 1,600 மீட்டர். மேல்தளத்தில் ஒரு வரிசை இருக்கைக்கு மட்டும் ஊதா நிறம் அடித்திருப்பார்கள், சரியாக 5,280 அடி உயரம் அந்த வரிசைதான். இங்கே காற்றின் அடர்த்தி கடலோர ஊர்களைவிடக் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடித்த பந்தைப் பிடித்து நிறுத்தக் காற்று போதாது, அதனால் கடலோரத்தில் 400 அடி போகிற பந்து இங்கே இன்னும் 20 அடி சேர்த்துப் போகும். இது எல்லோருக்கும் தெரிந்த பாதி.

தெரியாத பாதிதான் பிட்ச்சரைக் கொல்வது. கர்வ்பால் வளைவது சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதால். காற்று குறைந்தால் வளைவும் குறையும். கடலோரத்தில் 18 அங்குலம் வளைகிற பந்து இங்கே 15 அங்குலத்தோடு நின்றுவிடும். மூன்று அங்குலம்தானே என்று தோன்றும். பேட்டின் மிகத் தடிமனான இடமே அதிகபட்சம் 2.61 அங்குலம்தான். அந்த மூன்று அங்குலத்தில்தான், பேட்டுக்கு அடியில் நழுவிப்போக வேண்டிய பந்து நேராகப் பேட்டின் நடுவில் வந்து உட்காருகிறது.

அடுத்தமுறை கூர்ஸ் ஆட்டம் ஓடும்போது, பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சரின் கையுறையை மட்டும் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே கையுறையை வைத்துக் காத்திருப்பார். பந்து கையைவிட்டுக் கிளம்பும், பாதி வழியில் விழத் தொடங்குகிற மாதிரி இருக்கும், அப்புறம் விழாது. இடுப்பு உயரத்திலேயே தொங்கிக்கொண்டு வரும். கையுறை மேலே ஏறுவதற்குள் சத்தம் கேட்டுவிடும். பிட்ச்சர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

பந்து தூரமா போகும்னு தெரியும்ல, மைதானத்தைப் பெருசா கட்டியிருக்கலாமே?

பெரிதாகத்தான் கட்டினார்கள். 1995-ல் திறந்தபோதே எல்லைச் சுவரைத் தள்ளி வைத்தார்கள். நேர் நடுவில் 415 அடி, இடது-நடுவில் 390 அடி. லீக்கிலேயே மிகப் பெரிய வெளிமைதானங்களில் இது ஒன்று. அதனால் வேறு தொல்லை வந்தது. மூன்று பேர் அவ்வளவு புல்வெளியைக் காக்க வேண்டும், அவர்கள் பின்னால் தள்ளி நிற்கிறார்கள், அவர்களுக்கு முன்னாலும் இடையிலும் பொத்தென்று விழும் பந்தெல்லாம் ஹிட் ஆகிறது. சுவரைத் தாண்டிப் போகும் ஹோம் ரன்னைக் கொஞ்சம் தடுத்தார்கள், அதற்குப் பதில் பேட்டரை இரண்டு, மூன்று பேஸ் ஓடவிடும் டபுளையும் டிரிப்பிளையும் அள்ளிக் கொடுத்தார்கள். பிட்ச்சருக்கு எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

பந்தை ஃப்ரிட்ஜுல வெச்சு எடுக்கிறாங்களாமே, நிஜமாவா?

ஃப்ரிட்ஜ் இல்லை, ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு அறை. ஹியூமிடார் என்பார்கள், சுருட்டு கெடாமல் வைக்கிற பெட்டியின் பெரிய வடிவம். மைதானத்தில் வேலை பார்த்த மின்பணியாளர் ஒருவருக்கு, வேட்டைக்குப் போட்டுக்கொண்டு போன தன் தோல் பூட்ஸ் காய்ந்து இறுகிப்போனதைப் பார்த்துத்தான் பொறி தட்டியது: பூட்ஸுக்கு நடப்பதுதானே பந்தின் தோலுக்கும் நடக்கும்? டென்வரின் காற்று மெல்லியது மட்டுமில்லை, வறண்டதும்கூட. காய்ந்த பந்து சுருங்கி, இறுகி, பேட்டில் பட்டதும் கூடுதலாகத் துள்ளும், பிடிக்கவும் வழுக்கும். 2002-லிருந்து இங்கே பந்துகளை அந்த அறையில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். 2022 முதல் எல்லா மைதானங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள்.

பலன் இருந்தது. 1999-ல் இந்த மைதானத்தில் மட்டும் 303 ஹோம் ரன் போனது, ஒரு மைதானத்தில் ஒரே சீசனில் அவ்வளவு அடித்ததாக வேறு வரலாறே இல்லை. அறை வந்த பிறகு அந்தப் பைத்தியக்காரத்தனம் அடங்கியது. ஆனால் இதைக் கவனியுங்கள்: அறையே இல்லாத அந்த 1999-ல் ராக்கீஸ் கொடுத்த ரன் 1,028. அறை இருந்த 2025-ல் 1,021. ஏழே ஏழு ரன் வித்தியாசம். காற்றைக் குற்றம் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் நினைவுக்கு வருகின்றன.

ரெண்டு டீமும் அதே காத்துலதானே ஆடுறாங்க? எதிரணிக்காரன் மட்டும் எப்படி நல்லா போடுறான்?

இதுதான் கேள்வி. 2025 மே 10 அன்று சான் டியேகோ பாட்ரேஸ் இங்கே வந்து 21-0 என்று ஜெயித்தது. நம் பிட்ச்சர்கள் 21 ரன் கொடுத்த அதே மண்ணில், அதே காற்றில், அதே பந்தை வைத்துக்கொண்டு அவர்களின் ஸ்டீஃபன் கோலெக் ஒன்பது இன்னிங்ஸும் தான் ஒருவராகவே போட்டு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தார். அவர் ஒன்றும் உலகம் போற்றும் நட்சத்திரம் இல்லை. பேட்டர் அடித்தே ஆகவேண்டிய எல்லைக்குள் ஸ்ட்ரைக்காகப் போட்டார், பந்தைத் தாழ்வாக வைத்தார், தரையில் அடிக்க வைத்தார், அவ்வளவுதான்.

நியாயமாகப் பேசினால், வந்து போகிறவர்களுக்கும் இங்கே வாழும் அணிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வெளியூர் அணி வருடத்தில் சில நாள் வந்து அடி வாங்கிவிட்டு ஓடிவிடும். ராக்கீஸுக்கு வருடத்தில் 81 ஆட்டம் இங்கே. பந்து இங்கே ஒரு மாதிரி வளையும், சான் பிரான்சிஸ்கோவில் வேறு மாதிரி வளையும். ஒவ்வொரு வாரமும் கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். மெல்லிய காற்றில் உடம்பும் மெதுவாகத்தான் தேறும். நீண்ட இன்னிங்ஸ்களால் புல்பென் களைக்கும், களைத்தவர்கள் அடுத்த ஊரிலும் அடி வாங்குவார்கள். இதெல்லாம் உண்மை, மறுக்கவில்லை.

அப்போ உயரம்தான் காரணம்னு முடிச்சுக்கலாமே, பாவம் அவங்க என்ன பண்ணுவாங்க?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் கதையில் கூடம் நிஜமாகவே கோணல்தான், அதில் சந்தேகமில்லை. கூடவே ஆடவும் தெரியவில்லை. 2025-ல் சொந்த ஊரில் 25-56, அதாவது 25 வெற்றி, 56 தோல்வி. காற்று நிறைய இருக்கிற, கர்வ்பால் ஒழுங்காக வளைகிற வெளியூர்களில்? 18-63. உயரம் மட்டும்தான் காரணம் என்றால் வெளியூரில் கொஞ்சமாவது மூச்சு விட்டிருக்க வேண்டுமே.

இதே உயரத்தில்தான் 2007-ல் கடைசி 22 ஆட்டத்தில் 21-ஐ ஜெயித்து, சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடர் வரை போனார்கள். அந்த வருட அணி ஈஆர்ஏ லீக் சராசரியை ஒட்டி இருந்தது, அது போதுமானதாகவும் இருந்தது. 2009, 2017, 2018-லும் பிளே-ஆஃப் போனார்கள். மலை அப்போதும் அங்கேதான் இருந்தது.

கூர்ஸ்ல நல்லா போட்டவங்கன்னு யாராவது உண்டா?

உண்டு, அதனால்தான் கோபம். கைல் ஃப்ரீலாண்ட் டென்வரிலேயே பிறந்து வளர்ந்த பையன். 2018-ல் 17-7, ஈஆர்ஏ 2.85. வீட்டு மைதானத்தில் மட்டும் எடுத்தால் 2.40, கடலோரத்தில் போடுகிறவனே பொறாமைப்படும் எண். சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது வாக்கெடுப்பில் நான்காவது இடம். ஆனால் அடுத்த வருடமே 6.73-க்குப் போய்விட்டார். அந்த ஒரு வருடத்தில் என்ன சரியாக நடந்தது என்று அணி உட்கார்ந்து யோசித்ததா என்பதே என் சந்தேகம்.

உபால்டோ ஹிமெனெஸ் 2010-ல் முதல் பாதி சீசனை 15-1 என்று முடித்தார், ஏப்ரலில் அட்லாண்டாவில் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் நோ-ஹிட்டரும் போட்டார், அணியின் முதல் நோ-ஹிட்டர் அது. ஹோர்ஹே டி லா ரோசா இந்த மைதானத்தில் மட்டும் 50-க்கு மேல் ஜெயித்தவர்; மொத்தம் 86 வெற்றியோடு அணியின் சாதனை இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வெளியாட்களில் டாட்ஜர்ஸின் ஹிடியோ நோமோ, 1996 செப்டம்பர் 17 அன்று, ஹியூமிடார் இல்லாத காலத்திலேயே இங்கே நோ-ஹிட்டர் போட்டார். கூர்ஸில் இதுவரை நடந்த ஒரே நோ-ஹிட்டர் அதுதான். முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நோமோ பெயரைச் சொல்லுங்கள்.

ஓனர்கிட்டதான் காசு இருக்குல்ல, பெரிய பிட்ச்சர் ரெண்டு பேரை வாங்கிப் போட்டா முடிஞ்சுதே?

வாங்கினார்கள் தம்பி, வாங்கிச் சூடும் பட்டார்கள். 2000 டிசம்பரில் மைக் ஹாம்ப்டனை 8 வருடத்துக்கு 12.1 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள், கூடவே டென்னி நீகிளுக்கு 5 வருடத்துக்கு 5 கோடிக்கு மேல். டென்வரின் பள்ளிக்கூடங்கள் நன்றாக இருக்கின்றன என்பதையும் ஒரு காரணமாக ஹாம்ப்டன் சொன்னது இன்றைக்கும் இங்கே கேலிப்பேச்சு. 2001-ல் ஈஆர்ஏ 5.41, 2002-ல் 6.15, அதோடு வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் 2001-ல் அவர் பேட் எடுத்து 7 ஹோம் ரன் அடித்தார். பந்து போடக் கூப்பிட்ட ஆள் மட்டை பிடித்துச் சம்பாதித்தார்.

2018-க்கு முன்னால் புல்பென்னுக்கு வேட் டேவிஸ், பிரையன் ஷா, ஜேக் மெக்கீ என்று மூன்று பேரை 10 கோடி டாலருக்கு மேல் கொட்டி எடுத்தார்கள். டேவிஸ் முதல் வருடம் 43 ஆட்டத்தைக் காப்பாற்றினார், அடுத்த வருடம் ஈஆர்ஏ 8.65. இந்தக் கதைகளெல்லாம் பரவிய பிறகு, நல்ல விலை போகிற எந்த பிட்ச்சராவது இங்கே வருவாரா? இரண்டு மடங்கு காசு கொடுத்தால்தான் வருவார், வந்தாலும் அந்த இரண்டு மடங்குக்கு இங்கே மதிப்பில்லை.

சரி, சின்னப் பசங்களை எடுத்து வளர்க்கலாமே?

அதுதான் ஒரே வழி, அதில்தான் சொதப்பலும். டிராஃப்ட் என்கிற புதுமுக வீரர் தேர்வில் 2013-ல் மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்த ஜான் கிரே, 2021 வரை நன்றாகவே போட்டார். ஒப்பந்தம் முடியப்போகிற வருடத்தில் அவரை விற்று நாலு இளைஞர்களையாவது வாங்கியிருக்கலாம், விற்கவில்லை. போகும்போது ஈடாக ஒரு டிராஃப்ட் தேர்வாவது கிடைக்கும்படி செய்திருக்கலாம், அதற்கான ஒப்பந்த அழைப்பையும் கொடுக்கவில்லை. சும்மா கைவீசிக்கொண்டு டெக்சஸுக்குப் போனார். 2023 உலகத் தொடரை டெக்சஸ் ஜெயித்தபோது மூன்றாவது ஆட்டத்தில் புல்பென்னிலிருந்து வந்து மூன்று இன்னிங்ஸ் ரன்னே கொடுக்காமல் போட்டார். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போதைய பையன் சேஸ் டாலாண்டர், 2023-ல் ஒன்பதாவது தேர்வு, 2025 ஏப்ரலில் அறிமுகம். பந்தில் நல்ல வேகம். வெளியூரில் அவருடைய ஈஆர்ஏ 3.5-க்குள், கூர்ஸில் 10-ஐ ஒட்டி. ஒரே ஆள், ஒரே கை. இந்தப் பையனை என்ன செய்யப்போகிறார்கள் என்பதில்தான் அடுத்த நாலைந்து வருடம் அடங்கியிருக்கிறது. நடுவில் காயங்கள் வேறு: 2023-ல் ஹெர்மன் மார்க்கெஸ், அன்டோனியோ சென்சடெலா இருவருக்குமே முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. அதிலிருந்து திரும்பவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், பழைய ஆளாக ஆவது அதற்கும் அப்புறம்.

ஒருத்தன் அடி மேல அடி வாங்கிட்டே இருக்கான், மேனேஜர் ஏன் சும்மா பார்த்துட்டு நிக்கிறாரு?

எனக்கும் அந்த நேரத்தில் டிவியை உடைக்கத் தோன்றும். 2023 ஜூன் 24 அன்று ஏஞ்சல்ஸ் அணி இங்கே 25-1 என்று அடித்தது. மூன்றாவது இன்னிங்ஸில் அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று ஹோம் ரன், ட்ரௌட், ட்ரூரி, தைஸ் என்று வரிசையாக. அந்த இன்னிங்ஸில் மட்டும் 13 ரன், அடுத்ததில் 8. 'எடுங்கடா அவனை' என்று அரங்கமே கத்தியது.

ஆனால் முதல் கேள்வியில் சொன்ன கணக்குக்கு வாருங்கள். புல்பென்னில் எட்டுப் பேர், நாளைக்கும் ஆட்டம், நாளை மறுநாளும் ஆட்டம். தோற்றுப்போன ஆட்டத்தில் மூன்றாவது இன்னிங்ஸிலேயே நாலு பேரைச் செலவழித்தால் நாளைக்கு ஜெயிக்க வாய்ப்பிருக்கிற ஆட்டத்துக்கு ஆள் இருக்காது. அதனால் ஒருவரை 'நீ வாங்கிக்கோ' என்று விட்டுவிடுவார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் கணக்கு சரி. 2020 முதல் இன்னொரு விதியும் உண்டு: உள்ளே வந்த பிட்ச்சர் குறைந்தது மூன்று பேட்டருக்காவது போட வேண்டும், இல்லையென்றால் இன்னிங்ஸ் முடிய வேண்டும். என் புகார் மேனேஜர் அவரை விட்டுவைத்ததில் இல்லை. தொடங்குகிறவர்கள் நாலாவது இன்னிங்ஸைத் தாண்டாமல் வாரம் முழுக்க இதே நிலைமைக்கு அணியைக் கொண்டுவந்து நிறுத்துவதில்தான்.

கடைசி இன்னிங்ஸ்ல யாரோ ஒருத்தர் நம்ம கல்லி கிரிக்கெட் வேகத்துல போட்டாரு, அவரும் பிட்ச்சரா?

இல்லை, அவர் கேட்ச்சராகவோ இன்ஃபீல்டராகவோ இருப்பார். மேலே சொன்ன அதே காரணம்தான்: புல்பென்னை மிச்சம் பிடிக்க வேறு ஆளை விட்டுப் போடவைக்கிறார்கள். 2023-லிருந்து இதற்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. 8 ரன்னோ அதற்கு மேலோ பின்தங்கியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், 10 ரன்னோ அதற்கு மேலோ முன்னிலையில் இருந்தால் ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும், இல்லையென்றால் கூடுதல் இன்னிங்ஸில். ராக்கீஸுக்கு இரண்டாவது விதி தேவைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

அஞ்சு பேர் முறையே வேண்டாம்னு வேற ஏதாவது செஞ்சு பார்த்தாங்களா?

2012-ல் பார்த்தார்கள். ரொட்டேஷனை நாலு பேராகக் குறைத்து, ஒவ்வொருவரும் 75 பந்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றார்கள். மெல்லிய காற்றில் களைப்பதற்கு முன்னால் எடுத்துவிடலாம் என்பது யோசனை. அந்த வருடம் 64-98, கேலி பலமாக இருந்தது, சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

நான் அந்த யோசனையைக் கேலி செய்ய மாட்டேன். பேஸ்பாலிலேயே வித்தியாசமான மைதானம் உங்களுடையது என்றால் வித்தியாசமாகத்தான் யோசிக்க வேண்டும். இன்றைக்குப் பல அணிகள் தொடங்குகிறவரைச் சீக்கிரம் எடுத்துவிடுகின்றன, யாரும் சிரிப்பதில்லை. ராக்கீஸின் தவறு, சீசன் நடுவில் அவசர அவசரமாகத் தொடங்கி, அதற்கேற்ற ஆட்களும் இல்லாமல், கொஞ்ச நாளில் மூட்டை கட்டியது. முப்பது வருடத்துக்கு மேலாகக் காசு, கர்வ்பால், தாழ்ந்து விழும் சிங்கர் பந்து, நாலு பேர் ரொட்டேஷன், பெரிய புல்பென் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதையும் ஐந்து வருடம் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. என் குறை எல்லாம் அதுதான்.

அப்போ வீட்ல போடுறதுக்கு ஒரு செட், வெளியூர்ல போடுறதுக்கு ஒரு செட்னு பிரிச்சா?

கேட்டவர் மென்பொருள் ஆள், அப்படித்தான் யோசிப்பார். காகிதத்தில் அழகாக இருக்கிறது. டாலாண்டரை வெளியூரில் மட்டும் போடவைத்தால் 3.5 ஈஆர்ஏ ஆள் கிடைத்துவிடுவாரே! ஆனால் வீட்டில் தொடர்ந்து ஆறேழு ஆட்டம், வெளியூரில் ஆறேழு ஆட்டம் என்று அட்டவணை போகும். ஒரு செட் ஒரு வாரம் சும்மா உட்கார்ந்திருக்கும், இன்னொரு செட் மூச்சு முட்டும். பிட்ச்சர்களின் கை ஐந்து நாள் ஒழுங்குக்குப் பழகியது, அதை உடைத்தால் காயம்தான் வரும். 26 பேர் பட்டியலில் அதற்கு இடமும் இல்லை. முறை ஓரிரு நாள் முன்பின் தள்ளி, இளையவர்களுக்கு வெளியூர் ஆட்டம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்படி செய்யலாம், அவ்வளவுதான் நடைமுறையில் முடியும்.

அதைவிட உருப்படியானது, வளைவை நம்பாத பந்துகளைக் கற்றுக்கொடுப்பது. வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்சப் போன்றவற்றுக்கு உயரத்தில் நஷ்டம் குறைவு. டி லா ரோசா பிழைத்தது பெரும்பாலும் அந்த மாதிரிப் பந்தால்தான்.

கோச்சை மாத்திட்டாங்கல்ல, இனிமே சரியாகிடுமா?

மேலே சொன்ன 21-0 தோல்விக்கு அடுத்த நாள், அன்றைய ஆட்டத்தை 9-3 என்று ஜெயித்த கையோடு மேனேஜர் பட் பிளாக்கை அனுப்பிவிட்டார்கள். அப்போது கணக்கு 7-33. வாரன் ஷேஃபர் பொறுப்பேற்றார். பிளாக் தானே முன்னாள் பிட்ச்சர், 2017, 2018-ல் பிளே-ஆஃப் கொண்டுபோனவரும் அவர்தான். கையில் இருக்கிற சரக்கை வைத்துத்தானே எவரும் சமைக்க முடியும்.

உண்மையான மாற்றம் 2025 நவம்பரில்தான் வந்தது. பால் டிபோடெஸ்டாவைத் தலைமைப் பொறுப்புக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனை வருடம் உள்ளேயே ஆளை உயர்த்திக்கொண்டிருந்த உரிமையாளர் மான்ஃபர்ட் குடும்பம் வெளியாள் ஒருவரிடம் சாவியைக் கொடுத்ததே பெரிய விஷயம். அவர் இடையில் பல வருடம் அமெரிக்கக் கால்பந்தில் இருந்தவர், அதனால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஆனால் பழைய வழியிலேயே போவதைவிட இந்தப் பயம் பரவாயில்லை.

இவ்வளவு தோத்தும் கூட்டம் குறையலையே, உங்களுக்கெல்லாம் ரோஷமே இல்லையா?

2025-லும் 20 லட்சத்துக்கு மேல் டிக்கெட் போயிருக்கிறது. முதல் பேஸ் பக்கம் மேல்தளத்தில் உட்கார்ந்தால் ராக்கி மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவது தெரியும், பீர் கிடைக்கும், வெயில் காலத்து மாலைக் காற்று வேறு. பாதிப் பேர் எதிரணிச் சட்டையில்தான் இருப்பார்கள். உரிமையாளருக்கு அவசரமில்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று திட்டுகிறவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் டிக்கெட் வாங்குகிறவன்தான்.

பேசாம டாட்ஜர்ஸுக்கு மாறிடுங்களேன் அண்ணா, நிம்மதியா இருக்கலாம்?

2025 ஆகஸ்ட் 1. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே 9-0. வழக்கம்போல நம் பிட்ச்சிங் வாசலிலேயே விழுந்துவிட்டது. எழுந்து போனவர்கள் போனார்கள். கடைசியில் பிரென்டன் டாயில் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்து 17-16 என்று முடித்தார். 16 ரன் கொடுத்து ஜெயிக்கிற அணி வேறு எங்கே இருக்கிறது? மாற மாட்டேன், அடுத்த கேள்வி.

அடுத்த சீசன்ல எதைப் பார்த்தா இவங்க திருந்திட்டாங்கன்னு தெரியும்?

ஈஆர்ஏவை முதலில் பார்க்காதீர்கள், கூர்ஸில் அது ஏமாற்றும். மைதானத்தின் தன்மையைக் கழித்துக் கணக்கிடும் ஈஆர்ஏ பிளஸ் என்று ஒன்று இருக்கிறது, 100 என்றால் சராசரி, அதற்கு மேலே போனால் நல்லது, அதைப் பாருங்கள். அதைவிட எளிது, நாலு பந்தைத் தப்பாகப் போட்டு முதல் பேஸைச் சும்மா கொடுக்கும் வாக் எத்தனை, மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆக்கும் ஸ்ட்ரைக்அவுட் எத்தனை என்று எண்ணுவது. இந்த இரண்டிலும் காற்றின் பங்கு மற்றதைவிடக் குறைவு. ஸ்ட்ரைக்அவுட்டில் ராக்கீஸ் பல வருடமாகக் கடைசி வரிசைதான், அங்கிருந்து நடுவரிசைக்கு வந்தாலே பாதிக் காயம் ஆறும். தொடங்குகிறவர்கள் ஆறாவது இன்னிங்ஸைப் பார்க்கிறார்களா என்றும் கவனியுங்கள். வெளியூர் வெற்றிக் கணக்கு 18-லிருந்து எங்கே போகிறது என்பதும் முக்கியம், அங்கே சாக்கு எதுவும் கிடையாது.

அதோடு, ஜூனில் ஒரு வாரம் முழுக்கப் பத்துப் பத்து ரன்னாகக் கொடுப்பார்கள், அது நடந்தே தீரும். அதற்குப் பிறகும் ஆகஸ்ட்டில் அதே திட்டத்தோடு, அதே பையன்களோடு நின்றார்கள் என்றால் என்னைக் கூப்பிடுங்கள். ஊதா வரிசையில் இரண்டு டிக்கெட் நானே எடுக்கிறேன், பார்க்கிங் செலவு உங்களுடையது.